அரைவாரப் பிள்ளையின் தூளி

துளசிமணியை அவள் புருஷன் நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி இடுப்பில் பிள்ளையோடு நின்றிருக்க, இந்தப் பக்கம் துளசிமணி கேட்டுக் கம்பியில் படிந்திருந்த பனியன் பஞ்சை நகத்தால் சுரண்டியபடி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பவர்கட்டைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாள். ஷிப்மென்ட் இருக்கிறது என்று கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்களை விடியும்வரை நிற்கச் சொல்லியிருந்ததால், அவர் சோற்றுப் போசியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சொல்லிரு புள்ள, இழுத்துட்டே இருக்காத," என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்ல, "சொல்றேன், நீங்க போய்ட்டு வாங்க," என்று அவரை நகர்த்திவிட்டு அவள் முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பினாள்.

"பேச்சி, வர்ற வாரத்துல இருந்து சுப்பியை வேற எங்காச்சும் பாத்துக்கறயா கண்ணு?"

"ஏன்க்கா, சேட்டை பண்றாளா?"

"அவளா? எறும்புக்கு வழிவிட்டு நடக்கறவ. சூப்பர்வைசர் ஊட்டு ரெட்டைப் பிள்ளைங்க வருதுங்க, வாரம் பூராவும். எனக்குக் கொக்கி பத்தல."

துளசிமணி பிள்ளை பார்க்கும் விதம் அப்படி. வீட்டு முன்னறை உத்தரத்தில் கொக்கிகள் இருந்தன, கொக்கிக்கு ஒரு தூளி, தூளிக்கு ஒரு பிள்ளை. ஒரு பிள்ளையின் தூளியில் இன்னொரு பிள்ளையைப் படுக்கவைத்தால் ரெண்டு பேர் தூக்கமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், பிறகு பிசிறு பிரிப்பதுபோல உட்கார்ந்து பிரித்தாலும் வராது என்பது அவள் கட்சி. தெற்கே இருந்து பனியன் வேலைக்கு வந்த முத்துப்பேச்சிக்குக் கம்பெனியில் செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் வேலை இருந்தது. அதனால் சுபிக்ஷா என்று ஆஸ்பத்திரியில் பேர் வைத்து இந்த வீட்டில் சுப்பியாகிப்போன அவள் மகள், வீதி முழுக்க அரைவாரப் பிள்ளை என்று சொல்லப்படுகிறவளாக இருந்தாள். மற்ற நாட்களில் அவளுடைய கத்தரிப்பூ நிறத் தூளி வெறுமனே தொங்கியது. துளசிமணி அதில் ஒரு துண்டைக்கூடக் காயப்போட்டதில்லை.

முத்துப்பேச்சி மறுபேச்சுப் பேசவில்லை. ஏன் இப்படித் திடுதிப்பென்று என்று கேட்கிற உரிமை அரைவாரக்காரர்களுக்கு இல்லை என்று அவள் நினைத்திருக்கலாம். சரிக்கா என்று அவள் நடக்கத் தொடங்க, தோளுக்கு மேலாகப் பிள்ளை கையை ஆட்டி, தினமும் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள்:

"போய்ட்டு வாரேன் அத்தே."

"போய்ட்டு வா சாமி. ஓடியா," என்றாள் துளசிமணி, தினமும் சொல்வதுபோலவே.

வீதி முனை திரும்பும்போது நாச்சிமுத்துவின் காதில் விழுந்த கடைசிச் சொல் அதுதான். ஒரே மூச்சில் தாயிடம் வர வேண்டாம் என்றும் மகளிடம் வா என்றும் அவள் சொல்லிவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அந்த ஊரில் ஒருவரை அனுப்பிவைக்க வேறு சொல் கிடையாது. கடன்காரனைக்கூட போய்ட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள்.

விடிந்து பால் பாக்கெட்டோடு அவர் வந்தபோது துளசிமணி தூளிகளுக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் அந்த இடத்தில் படுத்துத் தூங்குகிறவள் அல்ல என்பதால், பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பார்த்தார்கள், அழுதார்கள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். முத்துப்பேச்சியும் அப்படித்தான் எழுந்தாள். ஆனால் இடுப்பிலிருந்த சுப்பிக்கு யார் அந்த முறையைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? மாலை போட்டு உட்காரவைத்திருந்த துளசிமணியைப் பார்த்து அவள் கையை ஆட்டி, "போய்ட்டு வாரேன் அத்தே," என்றாள். ஒப்பாரி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் பாய்ந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்துவதற்குள் சொல் வெளியே வந்துவிட்டிருந்தது.

தனி ஆம்பளை வீட்டில் பிள்ளை விடுகிறவர்கள் யாரும் இல்லை. ஒவ்வொரு பெற்றோராக வந்து, தங்கள் பிள்ளையின் தூளியை அவிழ்த்து மடித்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எடுத்துப்போனார்கள். கத்தரிப்பூத் தூளியை அவிழ்க்க மட்டும் ஆள் வரவில்லை. அந்தக் குடும்பத்தைத்தான் சனிக்கிழமையே நிறுத்தியாகிவிட்டதே.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிள்ளைகளைத் தூங்கப்போடும் நேரத்துக்கு, அந்தத் தூளி கனத்தது. வெறுந்துணியாகச் சப்பிப்போயிருந்தது மெல்லக் கீழே இறங்கி, நடுவில் குழிந்து, ஒரு பிள்ளையின் முதுகும் மடக்கிய முழங்காலும் வெளியே தெரிகிற உருவத்துக்கு வந்து நின்றது. உள்ளே மூக்கடைத்த மூச்சு கேட்டது, சுப்பிக்கு எப்போதும் லேசாகச் சளி இருக்கும். பிறகு தூளி ஆடத் தொடங்கியது. ரெண்டு சின்ன ஆட்டம், ஒரு நீள ஆட்டம். வெங்காயம் அரிந்துகொண்டே காலால் கயிற்றை இழுத்துத் துளசிமணி ஆட்டும் ஆட்டம். நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஃபேனை ஒரு எண் குறைத்தார். பிள்ளை தூங்கும்போது அந்த வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.

தெய்வாத்தாள் குழம்பு கொண்டுவந்தவள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆரு, சுப்பியா?"

"ஆமாங்க்கா."

"வந்துட்டாளா. சொன்னாச் சொன்னபடி கேக்கற பிள்ளை." கிண்ணத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், மகன் லாரியில் போனதிலிருந்து ஒழுங்காகக் கண்மூடாதவள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். வாயோரம் எச்சில் வழிந்தது. சாயங்காலம் எழுந்தபோது அவள் முகம் துவைத்த துணிபோல இருந்தது.

வியாழக்கிழமை அவள் தங்கையைக் கூட்டிவந்தாள். சனிக்கிழமை நிட்டிங் மிஷின் ஓட்டும் துரையன் வந்தான். ராப்பூராவும் மிஷின் சத்தத்தில் நின்று, பகலில் படுத்தால் காதுக்குள் மிஷின் ஓடுகிறது என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவன். படுத்தான், அணைந்தான். அதன் பிறகு சாயப்பட்டறைக்காரர்கள் வந்தார்கள், வாட்ச்மேன்கள் வந்தார்கள், பல்வலிக்காரர் ஒருவர் வந்தார், கல்யாணம் நின்றுபோன ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்தாள். அந்த வீதியில் மனிதர்கள் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. பாய் பாயாக விரித்துப் படுத்தார்கள். சின்னப் பிள்ளையின் தூக்கம், அதில் கனவுக்கு இடமில்லை, கவலைக்கு இடமில்லை, ஆழமாகவும் இளஞ்சூடாகவும் இருக்கிறது என்று எழுந்து சொன்னார்கள்.

தானாகவே முறைகள் உண்டாயின. செருப்பு வெளியே, போன் வெளியே. குறட்டைக்காரர்கள் கொல்லைப்பக்கம். செவ்வாய், வியாழன், சனியில் டீக்கடைக்காரர் பாய்லரில் துணி சுற்றினார், மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் மறுபக்கம் திருப்பப்பட்டது, ஓட்டுக் கேட்டு வந்த ஆட்டோகூட மைக்கை அணைத்துவிட்டு நோட்டீஸை மட்டும் போட்டுவிட்டுப் போயிற்று. திங்களும் புதனும் வெள்ளியும் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு நாளைத் தள்ளினார்கள்.

"முழுவாரப் பிள்ளையா இருந்திருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்ணா," என்றான் துரையன், சோம்பல் முறித்துக்கொண்டே. "அக்கா அன்னிக்கே ஒரு கொக்கி சேத்திக் குடுத்திருக்கலாம்."

"நீ குடுக்கற சம்பளத்துக்கு ஏழு நாளும் தூக்கம் வேணுமாக்கும்?" என்றாள் தெய்வாத்தாள். படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள், தூளி ஆட்டம் கெடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு.

நாச்சிமுத்து அந்த நாட்களில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். மூன்று நாள் மட்டும் வருகிறவனுக்கு டேபிள் ஒதுக்க முடியாது என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். சரிங்க என்று வந்துவிட்டார். தூளி ஆடும்போது அதன் நிழல் வந்து வந்து தொடுகிற இடத்தில் சுவரோரம் முழங்காலைக் கட்டி உட்கார்ந்து, அயர்ன் பெட்டியின் முன்னால் நின்று நின்று நரம்பு புடைத்த காலை நீவிக்கொண்டு, எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவாகப் பேசுவார்: ரெட்டைப் பிள்ளைகள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், உன் தம்பி வந்துவிட்டுப் போனான், அரிசி புழுத்துவிட்டது. பதில் வராது. ரெண்டு சின்னது, ஒரு நீளம். கூட வாழ்ந்த காலத்தில் துளசிமணி பேசிய பேச்சில் பாதிக்கு மேல் அந்தக் காலாட்டம்தான் என்பதால் அவருக்கு அது போதுமாக இருந்தது. யார் ஆட்டுவது என்று வீதி கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை முத்துப்பேச்சி வந்தாள். படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்காமலே நின்றாள். சுப்பியின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவற்றின் கீழே கரிக்கோடு போட்டதுபோல இருந்தது.

"கண்ணே அடைக்க மாட்டேங்காண்ணே. அன்னிக்கி அக்கா செத்ததுல இருந்து. மருந்து குடுத்தாக, மந்திரிச்சோம், தர்காவுல ஓதினோம். ராத்திரி நான் முழிச்சா என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா." அப்போது அவள் தூளியைப் பார்த்தாள். குழிந்து, மூச்சுவிட்டு, ஆடிக்கொண்டிருந்த அதைப் பார்த்து, சுற்றிலும் படுத்திருந்தவர்களைப் பார்த்து, அவளுக்கு விளங்கிவிட்டது. "எம் பிள்ள தூக்கத்தையா எல்லாரும் தூங்குறீக?" என்றாள்.

எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள்.

நாச்சிமுத்து பிள்ளையை வாங்கித் தூளியில் போட்டார். முதுகு பட்டதும் சுப்பி தூங்கினாள், கல் கிணற்றில் விழுந்ததுபோல. முத்துப்பேச்சி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் தூக்கியபோது பிள்ளை விழித்துக்கொண்டாள், தூக்கம் தூளியிலேயே தங்கிவிட்டது. அது மட்டுமில்லை. வாசல்வரை போன முத்துப்பேச்சி நின்று, பிள்ளையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிப் பார்த்தாள். தண்ணீர்க் குடத்தைத் தினம் தூக்குகிறவளுக்குக் கனம் தெரியும்.

"குறைஞ்சிருக்காண்ணே," என்றாள்.

வீட்டில் போய்ச் சோறு ஊட்டினால் சுப்பி வாயைத் திறக்கவில்லை. பசியும் இங்கேயே தங்கியிருந்தது. வியாழக்கிழமை தூளிக்கடியில் படுத்து எழுந்தவர்கள் எல்லோரும் சட்டிச் சட்டியாகத் தின்றார்கள். தெய்வாத்தாள் வைத்த அரிசிம்பருப்புச் சோறு வழித்து நக்கப்பட்டது, இத்தனை வருஷத்தில் சோறு இவ்வளவு ருசியாக இருந்ததே இல்லை என்று துரையன் கண்கலங்கினான். முத்துப்பேச்சி அன்றும் வந்தாள். தூங்கவைக்க வேறு வழி இல்லை. அன்று தூக்கியெடுத்தபோது பேர் தங்கிவிட்டது. சுப்பி என்றாலும் சுபிக்ஷா என்றாலும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. தூளிக்குள்ளிருந்து மட்டும் ம் என்று ஒரு சத்தம் வந்தது.

சனிக்கிழமை முத்துப்பேச்சி பிள்ளையைத் தூளியில் போடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னறை நடுவில் நின்றாள். பிள்ளை அவள் மேல் காய்ந்த துணிபோலக் கிடந்தாள்.

"இன்னும் ஒருக்கா போட்டேன்னா கையில ஒண்ணும் மிஞ்சாது. தூளியில கெடக்குறதப் போகச் சொல்லுங்க. இது உங்க வீடு, நீங்கதான் சொல்லணும்."

வீதி முழுவதும் வாசலில் கூடிவிட்டது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தவர்கள், தலையணையோடு வந்தவர்கள்.

"அதுக்கென்னம்மா, நீயும் இங்கயே வந்துரு," என்றான் துரையன். "வீதியில ஒரு ரூம் பாத்துக் குடுக்கறோம். வாடகை நாங்க போட்டுக்கறோம்."

"நான் வந்து? எம் பிள்ளைய உங்களுக்குப் பாயா விரிக்கவா?"

"பேச்சைப் பாரு! அவளா வந்தா, நாங்களா கூப்டோம்?"

"துரையா, வாயை மூடு," என்றாள் தெய்வாத்தாள். அவள் கண்ணும் தூளி மேலேயே இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அருகில் போய், "கெளம்பு சாமி, நேரமாச்சு," என்றாள். தூளி ஆடியது. "ஊட்டுக்கு நட கண்ணு, அம்மா நிக்கறா பாரு." ஆடியது. "நாளைக்குப் பாக்கலாம், ஓடு." ஆடியது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லிலும் திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. மிஞ்சியிருந்த ஒரே சொல்லைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. அது சுடுகாட்டில் தீ வைத்தவன் மனசுக்குள் சொல்கிற சொல். கோயில் பூசாரி, பிள்ளையைப் பார்த்து அதைச் சொன்னால் ஆத்தா என்னைக் கேட்பாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். பெற்றவளே, "எம் மகளப் பாத்து நான் எப்படிச் சொல்லுவேன்," என்று உதட்டைக் கடித்தாள்.

அப்போது சுப்பி பேசினாள். பேர் போன பிறகு அவள் பேசியது அது ஒன்றுதான். தாயின் தோளில் தலையைச் சாய்த்தபடி, தூளியைப் பார்க்காமல், தூளிக் கயிற்றின் மறுமுனை எட்டுகிற இடத்தில், துளசிமணி அரிவாள்மணையோடு உட்காரும் வெறுந்தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அத்தை ஆட்டிட்டே இருக்குது."

நாச்சிமுத்துவுக்கு அது தெரிந்ததுதான். முதல் செவ்வாய்க்கிழமையே தெரியும். சுப்பி வா என்றால் வருகிற பிள்ளை. ஆட்டிக்கொண்டே இருக்கும்வரை எந்தப் பிள்ளைதான் எழுந்து போகும்? சொல்ல வேண்டிய ஆள் தூளியில் இல்லை. எழவன்று எல்லோரையும்போல அவரும், கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர். அவளிடம் ஒரு சொல்லும் சொல்லிக்கொள்ளவில்லை.

"வர்ற வாரம் சொல்றேன் பேச்சி," என்றார். "ஒரு வாரம். செவ்வாயும் வியாழனும் மட்டும்."

முத்துப்பேச்சி அவரை நேராகப் பார்த்தாள். "அக்கா எனக்கு ஒரு வாரம் தவணை குடுத்திருந்தா அன்னிக்கே வேற எடம் பாத்திருப்பேண்ணே. குடுக்கலையே."

அதில் கோபமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, புடைத்த கால்களை இழுத்து இழுத்து வைத்து, அந்த வெறுந்தரையின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"கேட்டுக்கிட்டயா புள்ள," என்றார். "பிள்ளை பாத்தது போதும். அந்தக் குடும்பத்தை நீதான் நிறுத்துன. நிறுத்துனதை நிறுத்துனபடி விட்டுரு."

தூளி ஆடியது. ரெண்டு சின்னது, ஒரு நீளம்.

"அரிசியைப் புடைச்சு வெச்சுட்டேன். கதவுக்கு எண்ணெய் போட்டுட்டேன். எனக்குக் கஞ்சி வெச்சுக்கத் தெரியும்." வேறு என்ன சொல்லலாம் என்று தேடினார். ஒன்றும் இல்லை. வெளியே யாரோ வேண்டாம்ணா என்றார்கள், துரையனாக இருக்கலாம்.

"போ," என்றார்.

பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. நாக்கு தானாகவே அடுத்த சொல்லுக்கு வளைந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினார்.

ரெண்டு சின்ன ஆட்டம் வந்தது. நீள ஆட்டம் வரவில்லை. தூளி இருந்த இடத்தில் நின்று, குழிவு மேலே ஏறி, வெறுந்துணியானது. முத்துப்பேச்சியின் கை திடீரென்று கனத்துத் தாழ, அவள் தடுமாறி ஒரு காலைப் பின்னால் வைத்து நின்றாள். பிள்ளையின் மூக்கடைத்த மூச்சு அவள் கழுத்தில் பட்டது. சுப்பி தூங்கிக்கொண்டிருந்தாள், அம்மாவின் தோளில், வாயைத் திறந்துகொண்டு.

முத்துப்பேச்சி பிள்ளையை ஏந்திக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவரும் அவளைப் போய்ட்டு வா என்று சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் அவள் சொந்த ஊருக்கே போய்விட்டதாகவும், தீப்பெட்டி ஒட்டும் வேலை கிடைத்திருப்பதாகவும், பிள்ளை சோறு கேட்டு அடம்பிடிக்கிறது என்றும் அவள் கம்பெனிப் பெண்கள் வந்து சொன்னார்கள்.

வீதி நாச்சிமுத்துவை மன்னிக்கவில்லை. சண்டை போடவில்லை, அவ்வளவுதான். துரையன் அந்த மார்கழியில் மிஷினில் விரலைக் கொடுத்தான். கண் சொருகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். தெய்வாத்தாள் குழம்பு கொண்டுவருவதை நிறுத்திவிட்டு, எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்தாள். டீக்கடை பாய்லர் மறுபடி சீறியது, ஸ்பீக்கர் பழைய பக்கம் திரும்பியது. நாச்சிமுத்து மத்தியானங்களில் முன்னறையில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார். சாயங்காலம்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கஞ்சி வைத்தார். தை மாதம் முன்னறையை ஒரு பனியன் செக்கிங் யூனிட்டுக்கு வாடகைக்கு விட்டார். அவர்கள் ட்யூப்லைட் போட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டார்கள். கரண்ட் பில்லில் பேரை மாற்றச் சொல்லி அவர்கள் கேட்டும் அவர் கரண்ட் ஆபீசுக்குப் போகவில்லை. அந்த வீட்டு மின் இணைப்பு இன்னும் நா. துளசிமணி என்ற பேரில்தான் இருக்கிறது.